பின் இருக்கை

முதல் குத்து சார்ஜெண்ட் மரியசெல்வத்தின் வாயில் விழுந்தது.

முப்பது வருட விமானப்படை வாழ்க்கையில் அந்த அதிகாரி தனக்குக் கீழே வேலை பார்க்கும் ஒருவன்மேல் கை வைத்ததில்லை. இப்போது விரல்முட்டி கிழிந்திருந்தது. வழிவது யாருடைய ரத்தம் என்று தெரியவில்லை.

இரண்டாவது குத்தில் சார்ஜெண்ட் சரிந்தான். போர்விமானத்தின் சக்கரத்தில் தலை மோதியது.

விமானத்துக்கு அந்தப் பக்கம், தொலைவில், பந்தல். விமானம் வாங்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் அங்கே இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை.

எஞ்சினின் ஒரு தகட்டில் விரிசல். மயிரிழைதான். காலையில் மரியசெல்வம் டார்ச் அடித்துக் காட்டினான். அளந்தார்கள். அனுமதித்த நீளத்தைவிட அரை மில்லிமீட்டர் கூடுதல். பறக்கலாம் என்று கையெழுத்துப் போட அவன் மறுத்துவிட்டான்.

'அளவுக்குள்' என்று எழுதி அவரே போட்டார்.

இன்று இது பறந்து காட்டினால் இருபது விமானங்கள் விலைபோகும். விற்பனை முகவர் நிரஞ்சன், அவருடைய ஒரே மகன். உறவினர் யாருக்காவது இதில் பங்கு உண்டா என்று படிவம் கேட்டிருந்தது. 'இல்லை' என்று எழுதியிருந்தார்.

மரியசெல்வம் அதைக்கூடச் சொல்லிக்காட்டவில்லை. அவன் சொன்னது வேறு.

"அவ்வளவு நம்பிக்கைன்னா, உங்க பையனை ஏத்தி அனுப்புங்க சார்."

கீழே கிடந்தவனின் வயிற்றில் பூட்ஸால் உதைத்தார். அவன் சுருண்டான். இன்னொரு முறை காலைத் தூக்கியபோது ஜீப் வந்து நின்றது.

விமானி இறங்கினான். பின்னாலேயே, ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு, நிரஞ்சன்.

"வாங்க வந்தவங்க தலைவருக்குக் கடைசி நேரத்துல பிரஷர் ஏறிடுச்சுப்பா. பின்சீட் காலியாப் போனா நல்லாவா இருக்கும்? நானே போறேன். எதுக்கும் இருக்கட்டும்னு டாக்டர்கிட்ட காலையிலேயே ஃபிட்னு எழுதி வாங்கிட்டேன்." சிரித்தான். பிறகுதான் ரத்தத்தைப் பார்த்தான். "அய்யோ, என்னாச்சு?"

மரியசெல்வம் எழுந்தான். துப்பினான்.

"வழுக்கிட்டேன் சார்."

அவர் கிழிந்த விரல்முட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

விமானி முன்னால் ஏறினான். நிரஞ்சனைப் பின்னால் உட்கார்த்தி, மரியசெல்வமே பட்டைகளை இறுக்கினான். அவன் மோவாயிலிருந்து சொட்டியது மகனின் மடியில் விழுந்தது.

ஆபத்தில் ஆளை இருக்கையோடு வெளியே வீசும் வெடி ஒன்று உண்டு. தரையில் அது வெடித்துவிடாதபடி ஊசிகள் செருகியிருக்கும், சிவப்புத் துணி தொங்கும் ஊசிகள். பறக்குமுன் அவற்றை உருவி, கீழே நின்று உயர்த்திக் காட்டவேண்டும். விமானி எண்ணிப் பார்ப்பான். தலையசைப்பான். அதன்பின் எஞ்சின்தான்.

மரியசெல்வம் ஊசிகளோடு இறங்கினான்.

விமானிக்குக் காட்டவில்லை. திரும்பி, அவர் தலையசைக்கட்டும் என்று அவருக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான்.

பத்து ஊசிகள், இருக்கவேண்டிய பத்தும். காற்றில் துணிகள் படபடத்தன.

அவர் எண்ணினார்.

பந்தலில் கைதட்டத் தொடங்கியிருந்தார்கள்.

மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.