வினோலியாவுக்கு ஒரு வரவேற்பு

தங்கச் சுரங்கத்தில் ஊதுவது ஷிஃப்ட் சங்கா, ஆபத்துச் சங்கா என்று ஆறு வயதிலேயே பாக்யலட்சுமிக்குத் தெரியும். ஷிஃப்ட் சங்கு சட்டென்று நிற்கும். மற்றது நிற்காது.

சுரங்கம் மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. நிற்காமல் ஊதிய ஒரு சங்கு மட்டும் அவள் காதை விட்டுப் போகவில்லை.

கல்யாணமான புதிதில் ஒருமுறை, அந்தச் சங்கு ஊதிய அன்று நடந்ததை முழுக்கப் புருஷனிடம் சொன்னாள். தசரதன் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அப்படிப்பட்ட மனிதர்தான், ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெற்றதும் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுத உட்கார்ந்தார். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்கிற இடம் அது. புதிதாக எழுத வருகிறவர்களை வரவேற்று வழிகாட்டுகிற வேலையை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வழிகாட்டட்டும். தட்டச்சு செய்வதையெல்லாம் வாய்விட்டுப் படிப்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"வாருங்கள் மம்தா! உங்கள் வரவால் மகிழ்ந்தோம். தயங்காமல் எழுதுங்கள். தவறு வந்தால் திருத்திக்கொள்ளலாம்."

"இன்னாங்க, கொழம்புல உப்பு தூக்கலா போனா மட்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிறீங்க?" என்றாள் பாக்யலட்சுமி.

"அது வேற, இது வேற."

"ஆமா. மம்தா வேற, நான் வேற."

அந்த வாரமே தன் போனில் அவருக்குத் தெரியாமல் ஒரு கணக்கைத் தொடங்கினாள். பெயர், வினோலியா. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்த ஒருத்தியின் பெயர் அது. அந்தப் பெயரில் சுரங்கச் சங்கைப் பற்றிச் சின்னதாக ஒரு கட்டுரை எழுதினாள். புதிதாக எழுதுகிறவர்கள் செய்கிற தப்பை அவளும் செய்தாள். மனத்தில் இருந்ததை அப்படியே கடைசியில் போட்டுவிட்டாள்.

'ஆபத்துச் சங்கு கேட்டதும் பெண்கள் போட்டது போட்டபடி, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். ஒரு வீட்டில் அடுப்பிலிருந்த களி தீய்ந்துபோனது.'

மறுநாள் காலையில் கூடத்திலிருந்து குரல் வந்தது.

"வாருங்கள் வினோலியா! படித்துவிட்டு வெகுநேரம் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. ஆதாரம் இல்லாத எதுவும் இங்கே நிற்காது. ஆனால் கவலைப்படாதீர்கள். நான் தேடித் தருகிறேன்."

அடுப்பில் தோசை கருகியது.

எழுதியது அவள்தான். ஆனாலும் அந்தப் பேச்சு அவளுக்கு இல்லையே. யாரோ வினோலியாவுக்கு அல்லவா?

அன்றைக்கே அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"வெயில்ல எங்க?"

"நந்திதுர்க்குக்கு. எங்கூட வேல செஞ்ச கொர்னேலியஸ் வீட்ல பழைய பேப்பர் கட்டு இருக்குதாம். அந்தப் பொண்ணு எழுதினதுக்கு ஆதாரம் தேடணும்."

"பொண்ணா? வயசு சொன்னாளா?"

"எழுத்துல தெரியுது."

"ரேஷன் கடைக்குப் போங்கன்னா முட்டி வலி. வினோலியாவுக்குன்னா வலிக்காதா?"

"வலிக்குது. போறேன்."

நந்திதுர்க்கில் கிடைக்கவில்லை. அடுத்து இன்னொரு சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸ் போனார். பழைய காகிதத் தூசியில் தும்மிக்கொண்டே திரும்பி வந்தார். அவளே கஷாயம் வைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

பிறகு அறைக்குள் போய், வினோலியாவாக ஒரு கேள்வி அனுப்பினாள்.

'எனக்காக இவ்வளவு அலைகிறீர்களே, உங்கள் மனைவி கோபித்துக்கொள்ள மாட்டாரா?'

கூடத்தில் அவர் பதிலை வாய்விட்டுப் படித்தார். "கோபமாகத்தான் இருக்கிறார். கஷாயம் நன்றாக இருந்தது."

கஷாயத்தைப் பற்றிக்கூட அந்த வினோலியாவிடம்தான் சொல்ல வேண்டுமா என்று பாக்யலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அவர் ஜெராக்ஸ் பக்கத்தோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கெடச்சிடுச்சு பாக்யா! சங்கு ஊதினதுக்கு இருக்குது. பொம்பளைங்க ஓடினதுக்கும் இருக்குது."

அவ்வளவுதான். வெடித்துவிட்டாள்.

"யாரோ ஒருத்தி எழுதினா உங்களுக்கு வேற வேல ஓடல. அதையேதான நான் சொன்னேன்? அன்னிக்கு செவுத்தப் பாத்துகினு படுத்தீங்களே, ஒரு வார்த்த சொன்னீங்களா?"

தசரதன் ஜெராக்ஸை மேஜைமேல் வைத்தார்.

"அன்னிக்கி இன்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியல. வீட்ல பேசறதுக்கு எனக்கு யாரும் வழி காட்டல. எழுதினாதான் வருது."

"அதுக்கு? அவளுக்கு எழுதுவீங்களா?"

"களி தீஞ்சதுக்குத்தான் எந்தப் பேப்பர்லயும் ஆதாரம் இல்ல, பாக்யா" என்றார். "அதை எங்கிட்ட ஒருத்திதான் சொல்லியிருக்குறா. கல்யாணமான புதுசுல."

பாக்யலட்சுமி போனை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கே தொட வேண்டும் என்று அவர் காட்ட, ஆதாரம் இல்லாத அந்த ஒரு வரியை வினோலியாவே நீக்கினாள்.

அந்தக் களி அவளுடைய அப்பாவுக்காகக் கிண்டியது. அவர் அன்றைக்கு மேலே வரவில்லை.