தனி ஆள் படை

ஒரு விடுகதை சொல்கிறேன். வருஷம் தவறாமல் சண்டைக்கு வருவார். வருஷம் தவறாமல் தோற்பார். தோற்றதும் நேராகக் குளிக்கப் போவார். யார்?

மெக்சிகோவில் எங்கள் ஊரான புவெப்லாவில், சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஆரம்பப் பள்ளியில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் உடனே பதில் வரும்:

"கிரிசெல்தா டீச்சர்!"

மே ஐந்தாம் தேதி, 1862-இல் மெக்சிகோ படை பிரெஞ்சுப் படையை எங்கள் ஊரில் ஓட ஓட விரட்டிய நாள். அந்தச் சண்டை பள்ளி மைதானத்தில் நாடகமாக நடக்கும். பிள்ளைகள் அத்தனை பேரும் மெக்சிகோ படை. டீச்சர் ஒருவரே பிரெஞ்சுப் படை. தளபதியும் அவரே, சிப்பாயும் அவரே. சரிகைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, முறுக்கு மீசை. கடைசியில் மாவு அடைத்த முட்டை ஓடுகளை எறிந்து அவரை விரட்டுவார்கள்.

இந்த வருஷம் மெக்சிகோ தளபதி யாரெட்சி. நாலாம் வகுப்பு. சீட்டுக் குலுக்கியதில் அவள் பெயர் வந்தது. முதல் முட்டையை எறிவது தளபதியின் உரிமை. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் அதற்குத்தான் காத்திருந்தாள்.

"ஜெயிக்கிறது என் பொண்ணு, மினுக்குறது டீச்சரா?" என்றாள் அவள் அம்மா ஒப்தூலியா, முந்தின நாள் மாலை, மகளின் தொப்பியில் இறகு வைத்துத் தைத்துக்கொண்டே. "அந்தச் சரிகைச் சட்டையை ஒரு பிள்ளைக்குக் குடுத்தா என்ன? நேராவே கேட்டுட்டேன்."

"என்ன சொன்னாங்க?" என்றான் கணவன் நிக்காந்த்ரோ. மினிபஸ் ஓட்டிவிட்டு வந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தான்.

"'வேண்டாம்மா, அது எனக்கே இருக்கட்டும்'னு சிரிக்கிறாங்க. இந்த வயசுல வேஷ ஆசை! பதினஞ்சாம் தேதி ஆசிரியர் தினத்துக்கு நான் கேக் செய்யணுமாம். கேக்காவது, மண்ணாவது!"

"அப்ப நாங்க டீச்சருக்கு என்னம்மா குடுக்கிறது?" என்றாள் யாரெட்சி. வகுப்பு அந்தப் பொறுப்பை அவளிடம்தான் விட்டிருந்தது. "காபி கப் மட்டும் வேண்டாம்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. அவங்க வீட்டுல கப் வைக்க இடமே இல்லையாம்."

"ஒண்ணும் குடுக்காதே. நாளைக்கு முதல் முட்டையைக் குறி பார்த்து மீசையில போடு. அதுதான் பரிசு."

நிக்காந்த்ரோ சிரித்தான்.

"என்ன சிரிப்பு, கிழவா?"

"அந்தச் சட்டையை அவங்களுக்கு முன்னாடி போட்டது யாரு தெரியுமா? நான்தான்."

ஒப்தூலியாவின் ஊசி நின்றது.

"நாலாங்கிளாஸ். சீட்டுல பிரெஞ்சுத் தளபதி எனக்கு விழுந்துச்சு. சட்டை முழங்கால் வரைக்கும் தொங்கும். முட்டையடி கூட வலிக்கல. மறுநாள் போனா, எனக்குப் பேரே இல்ல. 'ஏய் பிரெஞ்சுக்காரா, ஓடு!' பந்து விளையாடக்கூட எவனும் சேர்த்துக்கல."

"இரு, இரு. பஸ் ஸ்டாண்டுல உன்னை எல்லாரும் பிரெஞ்சுக்காரான்னு கூப்பிடுறது..."

"அதேதான்."

"உன் மீசை அழகுக்குன்னுல்ல நான் நினைச்சேன்! என் தங்கச்சிகிட்ட வேற பெருமையடிச்சு வச்சிருக்கேன்!"

"மீசை அப்புறம் வந்தது. பேருக்குப் பொருத்தமா இருக்கட்டுமேன்னு வளர்த்தேன்."

யாரெட்சி விழுந்து விழுந்து சிரித்தாள். நிக்காந்த்ரோ ரொட்டியைக் கீழே வைத்தான்.

"பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டேன். கிரிசெல்தா டீச்சர் அப்பத்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாங்க. வீட்டுக்கே வந்துட்டாங்க. தரையில உக்காந்து, கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பார்த்து, 'வெளிய வா தளபதி, சட்டையைக் குடு. இனிமே தோக்கிறது என் வேலை'ன்னாங்க."

யாரெட்சியின் சிரிப்பு நின்றது.

"டீச்சருக்கு மூணு வகைப் பால் ஊத்தின கேக் பிடிக்குமா, சாக்லேட் கேக் பிடிக்குமா?" என்று கேட்டாள் ஒப்தூலியா.

மறுநாள் மைதானம் நிறைந்திருந்தது. மேளம் முழங்க, டீச்சர் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார்.

"புவெப்லா பொடிசுகளா! இன்னிக்கு உங்க எல்லாரையும் சுருட்டிப் பைக்குள்ள போட்டுக்கிட்டுத்தான் போவேன்!"

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க டீச்சர்!"

"மீசை தொங்குது டீச்சர்!"

எல்லோர் கையிலும் முட்டை. எல்லோரும் தளபதியைப் பார்த்தார்கள். யாரெட்சி கையை ஓங்கினாள். எதிரே டீச்சர் தன்னந்தனியாக நின்றார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"எறி, யாரெட்சி!" என்று கத்தினான் பக்கத்தில் நின்ற எவாரிஸ்தோ.

"என்ன தளபதி, பயமா?" என்றார் டீச்சர்.

"டீச்சர், நிஜச் சண்டையில எந்தப் பக்கம் ஆள் கம்மி?"

"நம்ம பக்கம்தான். பாடத்துல சொன்னேனே."

"ஆள் கம்மின்னு தெரிஞ்சும் ஓடாம கூடவே நின்னாங்க, அதைத்தான் கொண்டாடுறோம்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

யாரெட்சி இறகுத் தொப்பியைக் கழற்றி எவாரிஸ்தோவின் தலையில் வைத்தாள். முட்டையையும் அவன் கையிலேயே கொடுத்தாள். மைதானத்தைக் கடந்து நடந்தாள்.

"ஏய், இந்தப் பக்கம் வராதே! தோத்துப்போவே!" என்றார் டீச்சர்.

"தெரியும் டீச்சர்."

யாரெட்சி டீச்சருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.