இருபத்திரண்டு படிகள்

"நானே மேல போய் அந்த ஆளைப் பார்த்துக்கறேன். நீங்க கொஞ்சம் ஒதுங்குங்க, செயலாளர்."

தளபதி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். மேல்மாடியில் இருப்பவர் பிரதமர், வெறுங்கையோடு இருப்பவர். தளபதியின் இடுப்பிலோ துப்பாக்கி உறை பளபளத்தது. இருவரும் நேருக்கு நேர் சந்தித்துவிட்டால் இன்றோடு எல்லாம் முடிந்தது.

பகல் மூன்று மணிக்கே அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிரதமரின் ஆட்கள் வெளியிலிருந்து சுடக்கூடும் என்று ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்திருந்தார்கள். சுவரில் நாட்டின் வரைபடம். தளபதி பிடித்த ஊர்களில் சிவப்புக் குண்டூசி. தலைநகரில் மட்டும், ஒன்று போதாதென்று, ஆறு. அவர் அசைந்தால் மார்புப் பதக்கங்கள் கிணுகிணுத்தன. மற்றபடி அந்தக் கட்டடத்தில் ஒரு சத்தம் கிடையாது. பதக்கங்களைப் பற்றி விசாரிக்கக் கூடாது. அவர் காலத்தில் நடந்தது ஒரே ஒரு போர்தான்; அப்போது அவர் விடுப்பில் இருந்தார்.

ராஜினாமா செய்ய இருபத்து நான்கு மணி நேரம் கெடு கொடுத்தாயிற்று, கெடுவும் முடிந்தாயிற்று, இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் எவ்வளவு கொழுப்பு என்று தளபதி பொரிந்து தள்ளினார். செயலாளர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பணிவாகக் கதவருகே நகர்ந்து வழிவிட்டார்.

"தாராளமா போங்க, சார். ஆனா ஏறிப் போறது நீங்கன்னா, பார்க்க வந்தவர் நீங்கதான். உட்கார்ந்த இடத்துல இருந்து வரவேற்கறவர் அவர். நாளைக்குச் சரித்திரம் எழுதறவன் அப்படித்தானே எழுதுவான்?"

தளபதியின் கால் அந்தரத்தில் நின்றது. சரித்திரம் என்றால் அவருக்கு எப்போதும் கொஞ்சம் பயம்.

"மொத்தம் எத்தனை படி?" என்றார்.

"இருபத்திரண்டு, சார்."

"நடுவுல ஒரு திருப்பம் இருக்கில்ல? அவன் பதினொண்ணு இறங்கட்டும். நான் பதினொண்ணு ஏறறேன். இப்பவே."

செயலாளருக்கு வியர்த்துவிட்டது. தளபதிக்கு இப்படி ஒரு யோசனை வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. யோசனை என்று ஒன்று வரும் என்பதையே எதிர்பார்க்கவில்லை.

மாடிப்படியில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. நட்ட நடுவில் ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு மட்டும் நூல் தேய்ந்து வெளுத்திருந்தது. இரு ஓரங்களும் நேற்று வாங்கியது போல் புத்தம் புதிது. செயலாளர் அந்த வெளுப்பிலேயே அடிமேல் அடி வைத்து ஏறினார். கீழே கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருடைய காலடிகளை எண்ணுவது போலிருந்தது. பாதி ஏறியதும், மேலேயும் அப்படியே இருந்தது.

மேல்மாடியிலும் பலகை அடித்த ஜன்னல்கள்தான். இங்கே பயம் தளபதியின் ஆட்களைப் பற்றி. பிரதமர் கண்ணாடி முன் நின்று வெற்றி உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "என் அன்பான நாட்டு மக்களே" என்று சொல்லி, கைதட்டல் ஓய்வதற்கு வேண்டிய நேரம் காத்திருந்து, போதும் போதும் என்று வெற்று அறைக்குக் கை காட்டி, மறுபடி தொடங்கினார்.

தளபதி சரணடைந்தானா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அவரும் கெடு கொடுத்திருந்தார். செயலாளர் விஷயத்தைச் சொன்னதும் பிரதமர் மறுபேச்சுப் பேசாமல் காலணியைத் தேடத் தொடங்கினார். பாதி வழிதானே, நான் வருகிறேன், இன்றைக்கே அவன் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுகிறேன் என்றார்.

செயலாளர் குரலைத் தளரவிடவில்லை.

"ஐயா, ரெண்டு பேரும் ஒரே நொடியில வந்து சேர முடியாது. ஒருத்தர் முன்னால வந்து நிக்கற மாதிரி ஆயிடும்."

"ஆகட்டுமே."

"முன்னால வந்தவர் காத்திருந்தவர் ஆயிடுவாரு."

பிரதமர் ஒரு காலில் காலணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மக்கள் ஓட்டுப் போட்டு உட்கார வெச்ச ஆளு நான். எனக்கு சல்யூட் அடிக்க வேண்டியவனுக்காக நான் படியில நிக்கணுமா? அவன் வந்து நின்னதும் சொல்லுங்க. அப்புறம் வரேன்."

செயலாளர் கீழே இறங்கி இதே சந்தேகத்தைத் தளபதியிடமும் கிளப்பினார். அங்கேயும் இதே பதில்தான். 'மக்கள்' இருந்த இடத்தில் 'படை' இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு செயலாளர் திருப்பத்தில் போய் நின்றுகொண்டார். மேலே கதவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இழுபட்டது. கீழேயும் ஒன்று இழுபட்டது. அடுத்தவனுடைய முதல் காலடிச் சத்தத்துக்காக இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு படிகூட முனகவில்லை.

செயலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கண் கூசும் வெயில். வாசலில் படையும் இல்லை, கூட்டமும் இல்லை. சாலையில் பேருந்துகள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. தோட்டத்து மூலையிலிருந்த தன் சிறிய அலுவலகத்தில் உட்கார்ந்து, இப்போதைய பிரதமருக்கும் இப்போதைய தளபதிக்கும் அனுப்ப வேண்டிய அன்றாட அறிக்கையை எழுதினார்:

"கைதிகள் இருவரும் நலம். பதின்மூன்று வருடங்களாகியும் அறைகளுக்குப் பூட்டோ காவலோ இன்றுவரை தேவைப்படவில்லை."

கீழே, 'சிறைக் கண்காணிப்பாளர்' என்று கையெழுத்திட்டார்.