காலியாக விட்ட பக்கங்கள்

1979 பிப்ரவரி. சீனாவின் குவாங்சியில், வியட்நாம் எல்லையோரக் கரும்புக் கொட்டகையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. விடிந்தால் எல்லை தாண்ட வேண்டும். எழுத்தர் கோங் லெய், தன் படைப்பிரிவான கம்பெனியின் வரலாற்றைப் புதுப் பதிவேட்டில் பிரதி எடுக்கிறான். ஒவ்வொரு போருக்குப் பின்னும் படையின் எண் மாறியிருக்கிறது. எண்ணுக்குக் கீழே இறந்தவர்களின் பெயர்கள். வெளியே பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கு எடுக்கிறார்கள். வழக்கம்போல முதல் பெயர் கொரியப் போரில் இறந்த சாய் யுன்னுடையது. அவனுக்காக நூற்றிருபது குரல்கள் ஒன்றாக "இருக்கேன்" என்கின்றன. கம்பெனித் தலைவர் பெங் உள்ளே வந்து பதிவேட்டைப் புரட்டுகிறார். "கடைசியில ஆறு பக்கம் காலியா விடுடா." "எதுக்கு சார்?" பெங் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கு நீ வர வேணாம். எழுத ஒருத்தன் இருக்கணும்ல." வெளியே பெயர்கள் தொடர்கின்றன. இப்போது ஒவ்வொருவனும் தன் பெயருக்குத் தனியாக "இருக்கேன்" என்கிறான்.