ஆற்றுப் பலகை

பழைய ஆற்றங்கரை ஸ்டேஷன் ஒன்றைப் பொம்மை ரயிலுக்காகப் பலகை பலகையாகச் செய்து இணைப்பதாகத் திட்டம். அளவுகோல்தான் மேஸ்திரி. ஆறு வரைந்த பலகையைப் பார்த்ததும் அதற்கு எரிச்சல் வந்தது.

“இதென்ன கோணல்? ஆற்றை நேராக்கு. இல்லாவிட்டால் உனக்கு இடமில்லை.”

ஆற்றுப் பலகைக்குச் சுருக்கென்றது. “பக்கத்துப் பலகைகளோடு சேரும் ஓரங்களை அளந்து பார், நூல் பிசகாது. நடுவில் கை வைக்காதே. இந்த வளைவில்தான் படகுகள் ஒதுங்கின. அந்தச் சரக்கை ஏற்றத்தான் ரயிலே வந்தது.”

“கதை அளக்காதே” என்று அதை மூலையில் சாய்த்துவிட்டு, மற்றவற்றை இணைத்தது அளவுகோல்.

பொம்மை எஞ்சின் வந்து நின்றது. “இங்கே நான் எதை ஏற்றுவது?”

அளவுகோல் மூலைக்குப் போனது. “சரி, வா. கொஞ்சமாவது நிமிர்ந்து வரலாமே?”

“வளைந்துதான் வருவேன்” என்றது ஆற்றுப் பலகை.