சவரியம்மாள் கண்ட குறி

நகைத் தராசில் வெடிமருந்தை நிறுத்துத் தோட்டாவில் நிரப்பிக்கொண்டிருந்த கணவர் அடைக்கலராஜைப் பார்த்துச் சவரியம்மாள் சிரித்தாள்.

"இருபது வருஷமா நீங்களே தோட்டா கட்டுறீங்க. ஒரு காட்டுப்பன்னி விழுந்திருக்கா? மாப்பிள்ளைகூடச் சிரிக்கிறாரு."

"தூரம் அதிகம் சவரி. நேத்து அஞ்சு குட்டியோட வயல்ல இறங்குச்சு. சுட்டதும் கொள்ளிடப் படுகைக்கே ஓடிருச்சு."

"குறி தப்பிருச்சுன்னு சொல்லுங்க."

"தப்பிருச்சு" என்று அவரும் சிரித்தார்.

அவர் இறந்து நாற்பது நாள் கழித்து, துப்பாக்கியையும் மீதித் தோட்டாக்களையும் ஒப்படைக்கத் தஞ்சாவூர் துப்பாக்கிக் கடைக்குப் போனாள். மனுஷனைக் கடைசிவரை கேலி செய்தே அனுப்பிவிட்டோமே என்று வழியெல்லாம் உறுத்திக்கொண்டே வந்தது.

கடைக்காரர் ஒரு தோட்டாவை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா, இவ்வளவு லேசா இருக்கு?"

பிரித்துக் கவிழ்த்தார். மருந்துக்கு மேலே ஈயக் குண்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் நெல் உமி இருந்தது. இன்னொன்றைப் பிரித்தார். பதினேழு தோட்டாவிலும் உமிதான்.

"அய்யாவுக்குக் குண்டு போடத் தெரியாதாங்கம்மா?"

சவரியம்மாள் சிந்திய உமியை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அவருக்கு ஒரு தடவைகூடக் குறி தப்பினதில்லைங்க" என்றாள்.