ஐந்தாவது டை

"அங்கயே உக்காருங்க மேடம். இனிமே நீங்க எழுந்திருக்கவே வேண்டியதில்ல."

கமடோர் சொல்லிவிட்டார். படகின் பின்பக்க இருக்கையில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

கமடோர் என்றால் கடற்படையில் அல்ல, பாய்ப்படகுக் கிளப்பில். வருடத்துக்கு ஒருமுறை கைதூக்கித் தேர்ந்தெடுக்கிற பதவி. தொப்பியில் மட்டும் நங்கூரம் தங்க நிறத்தில்.

அவள் மடியில் அவர் கொடுத்த பளபளப்பான புத்தகம். அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. ஒரு கையில் ஒயின் கோப்பை. மறுகையின் ஒற்றை விரல் ஒரு பொத்தானின் மேல். பின்னால் பாய் தானாகச் சுருண்டு பாய்மரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பொத்தான் பாயை வாங்குவதா, இல்லை இன்று இந்தப் படகில் பரீட்சைக்கு மாட்டியிருக்கும் பாய்ப்பையை வாங்குவதா?

மழைக்காலம் முழுக்க இதே பேச்சு. பேசியது கமடோரும் அவள் கணவரும். இத்தனை வருடமாகப் பாயை இறக்கி, மடித்து, கட்டியவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன மாதம் வழுக்கி விழுந்தாள். முழங்காலில் சிராய்ப்பு. அவ்வளவுதான். 'வசுமதிக்காகத்தான் இந்தச் செலவே' என்று கணவர் கிளப் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

டயர் கம்பெனியில் எம்.டி.யாக இருந்து ஓய்வு பெற்றவர். படகில் இன்னும் ஓய்வு பெறவில்லை.

எந்தக் கரை, எத்தனை நாள், என்ன சமையல், எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். பாய்மரத்தடியில் ஆறடி இடம் மட்டும் அவளுடையது. காற்று ஏறும்போது அவள் அங்கே நிற்பாள். அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து கத்துவார்.

கேட்காது.

கடலில் அவளுக்கு ரொம்பப் பிடித்த விஷயமே அதுதான்.

நாளைக்கு ஆர்டர் போனால் அந்த ஆறடியும் போச்சு.

பையில் ஒன்றும் குறை சொல்ல முடியாது. பாயின் அடிக்கம்பு நெடுக ஒரு கான்வாஸ் தொட்டில். அதன் இரு பக்கமிருந்தும் பாய்மரத்துக்கு ஏறும் கயிறுகள். மேலே பிடித்திருக்கும் கயிற்றை விட்டால் பாய் சமர்த்தாக நடுவே இறங்கிப் படுத்துக்கொள்ளும். மடிக்க வேண்டாம், கட்ட வேண்டாம், ஆள் வேண்டாம்.

பாயைக் கட்டுவதற்கு வைத்திருந்த பழைய துணிப்பட்டைகளை நேற்றே தூக்கிப்போடச் சொல்லிவிட்டார் கணவர். "பிச்சக்காரத்தனமா இருக்கு வசு."

போட்டுவிட்டாள்.

போட்டுவிட்டு வந்து, அவருடைய அலமாரியைத் திறந்தாள்.

துறைமுகத்தின் வாய் தெரிந்தது. பாயை இறக்க வேண்டிய இடம். காற்று பலத்திருந்தது.

"படகக் காத்துக்கு நேரா திருப்பட்டுமா?" என்றார் கணவர்.

"தேவையே இல்ல சார். அதானே இந்த சிஸ்டத்தோட விசேஷம்."

கமடோர் கயிற்றை விட்டார்.

பாதிப் பாய் பைக்குள் போனது. மீதி கயிறுகளுக்கு வெளியே சரிந்து தண்ணீரை நக்கியது. உச்சி மட்டும் ஒரு கயிற்றில் மாட்டிக்கொண்டு, விடேன் தொடேன் என்று அடித்தது. முதல் அடியில் கமடோரின் தொப்பி போனது. தங்க நங்கூரம் அலைமேல் மிதந்து போயிற்று. நங்கூரம் செய்யக் கூடாத வேலை.

"இதுக்கு ஒரு மெத்தட் இருக்கு, இருங்க. புக்குல பாத்து சொல்றேன்."

புத்தகம் இருக்கையில் கிடந்தது. அவள் அதன் மேல் கால் வைத்துத்தான் படகறையின் கூரைக்கு ஏறினாள். காகிதத் துண்டு காலில் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள். இன்று குனியவில்லை.

"வசு, உக்காருன்னு சொன்னாருல்ல" என்றார் கணவர்.

கேட்கிற தூரம்தான்.

பாய்மரத்தடிக்குப் போனாள். திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"காத்துக்கு நேரா புடிங்க."

பிடித்தார்.

மாட்டிய உச்சியை உதறி விடுவித்தாள். நனைந்த துணியை வாரி இழுத்து, மடிப்பு மடிப்பாகக் கம்பின் மேல் போட்டு, வயிற்றால் அமுக்கினாள். முழங்கால் வலித்தது. வலிக்கட்டும்.

இடுப்புப் பையிலிருந்து முதல் டையை உருவினாள். மெரூன். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அவர் கட்டுவது. சுற்றி இறுக்கினாள்.

இரண்டாவது, மந்திரிக்குக் கைகொடுத்த பச்சை.

மூன்றாவது கோடு போட்டது. நான்காவது ஜெர்மனியில் வாங்கியது.

அவர் வாய் திறந்தது. ஒவ்வொன்றுக்கும் திறந்து திறந்து மூடியது.

பின்முனை மட்டும் அடங்கவில்லை. இன்னும் ஒன்று வேண்டும்.

கையை நீட்டினாள்.

ஆண்கள் இருவர் கழுத்திலும் டை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளப்பில் விருந்து. டை இல்லாதவருக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் இடமில்லை. அதனால் நடுக்கடல் வெயிலிலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கமடோர் தயங்கினார். புதியவர்களுக்கு முடிச்சுப் போடக் கற்றுத் தருகிறவர் அவர். கழுத்தில் கைவைத்து இழுத்தார். பட்டென்று ரப்பரோடு கையில் வந்தது. எல்.கே.ஜி. பிள்ளைகள் மாட்டுகிற ரகம்.

வாங்கி வைத்துப் பார்த்தாள். எட்டவில்லை. மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

கையை மடக்கவில்லை.

மிச்சமிருந்தது கணவருடையது. கருநீலப் பட்டு. பிரிவுபசார விழாவில் கட்டிய டை.

"சார், டை இல்லன்னா ஹாலுக்குள்ள விடமாட்டாங்க" என்றார் கமடோர்.

கணவர் ஒரு கையால் சுக்கானைப் பிடித்திருந்தார். மறுகை மெதுவாகக் கழுத்துக்குப் போனது.

பட்டு வழுக்கும். அவள் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். பாய் அடங்கியது.

இறங்கி வரவில்லை. அங்கேயே, பாய்மரத்தில் சாய்ந்து நின்றாள்.

"அப்ப நாளைக்கு எத ஆர்டர் பண்ணட்டும் சார்?"

கணவரின் காலர் திறந்து கிடந்தது. கண் அந்த ஐந்து முடிச்சுகளின் மேல் இருந்தது.

"வசு" என்று கூப்பிட்டார். "அலமாரியில இன்னும் எத்தன டை இருக்கு?"

காற்று அப்படியேதான் வீசிக்கொண்டிருந்தது. இந்த முறை அவளுக்குக் கேட்டது.